முப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில்

பல் டாக்டர் வந்து உட்கார்ந்த உடனேயே ரேடியோவுக்கு அவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், இங்கே தன் வாயைத் திறக்க முடியாமல் தவித்தார். கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் சிந்தியது. பெண்டாட்டி காணாமல் போனால் முதலில் புருஷனைத்தான் பார்க்க வேண்டும் என்பது ரேடியோவின் சித்தாந்தம். தான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதையே காரணமாகச் சொல்வான்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். மேடை அறிவிப்பாளனாக இருந்து, பேச்சு அதிகம் என்று வேலையிலிருந்து அனுப்பப்பட்டவன் அவன். தையல் கடைக்கு மேலே இருந்த துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகும் அந்த வாய் மூடவில்லை. பயம் வந்துவிட்டால் இன்னும் அதிகமாகப் பேசுவான். அலுவலகத்தை நடத்திய கண்ணாடியக்கா அவனுக்கு நேர் எதிர். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள். சோடாப்புட்டிக் கண்ணாடி வழியாக எதிரே இருப்பவரைப் பார்த்தபடியே இருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே உளறிவிடுவார்கள்.

டாக்டர் உளறவில்லை. அழுதார்.

அவர் மனைவி கல்லூரியில் கணிதப் பேராசிரியை. விடுமுறையில் ஒரு மத்தியானம், துறையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. கைபேசி அணைந்து கிடந்தது. போலீஸ் ஒரு நாள் தேடியது, பிறகு நிறுத்திவிட்டது. காரணம், அவருடைய துறைத் தலைவர். பேராசிரியை துறைத் தொலைபேசிக்கு அழைத்தாராம். நலமாக இருக்கிறேன், கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும், என்னைத் தேட வேண்டாம் என்றாராம். பேசுவது தான்தான் என்பதற்கு அடையாளமாகத் தன்னுடைய எண்ணையும் ஒப்பித்தாராம். துறைத் தலைவர் அதைக் கேட்கக் கேட்க எழுதி, போலீசுக்கும் டாக்டருக்கும் செய்தியாக அனுப்பியிருந்தார்.

"அவங்களோட எண்ணுன்னா? செருப்பு அளவா?" என்றான் ரேடியோ.

கண்ணாடியக்கா ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். அது எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவிக்குப் பிடித்தது இருபத்து நான்கு இலக்கமுள்ள ஒரு பகா எண். இடப்பக்கத்திலிருந்து ஒரு இலக்கத்தை வெட்டினால் மிச்சமிருப்பதும் பகா எண். இன்னொன்றை வெட்டினால் அதுவும் அப்படித்தான். கடைசி ஒற்றை இலக்கம் வரைக்கும் வெட்டிக்கொண்டே போகலாம், எதுவும் வகுபடாது. இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது. முன்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் அந்தக் குணம் போய்விடும்.

"தலையை வெட்ட வெட்டச் சாகாதவன்னு சொல்லுவா. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பை அதை ஒப்பிச்சுத்தான் ஆரம்பிப்பா. தூக்கத்துல கேட்டாலும் தப்பா வராது."

கண்ணாடியக்கா அவருடைய கைபேசியை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தாள். 357686312646216567629187. பிறகு கட்டை விரலை இடப்பக்கத்தில் வைத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் இரண்டு இலக்கம் வெளியே நின்றது. அங்கேயே விரல் நின்றுவிட்டது.

"எண்பத்தேழு," என்றாள். "இதை மூணால வகுத்தா இருபத்தொன்பது. மீதி வராதே."

டாக்டர் எட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. செய்தி வந்த அன்று முதல் வரியைப் படித்ததோடு சரி, இலக்கங்களைப் பார்க்கும் தெம்பு தனக்கு இல்லை என்றார். கடைசியில் வர வேண்டியது முப்பத்தேழு. அது அவருக்கு மறக்காது. கல்யாணத்தின்போது அவருக்கு வயது முப்பத்தேழு, அவர் மனைவிக்கு முப்பத்தொன்று. இரண்டும் பகா எண், அதனால்தான் உங்களைக் கட்டிக்கொள்கிறேன் என்று அப்போது சொன்னாராம்.

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் ரேடியோவின் சித்தாந்தம் ஆட்டம் கண்டது. நடிக்கிறவன் இவ்வளவு கோரமாகச் சிரிக்க மாட்டான்.

தூக்கத்தில்கூடத் தப்பாகச் சொல்லாதவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றால், வேண்டுமென்றே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ நின்று மிரட்டியிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. கீழே தையல் மெஷின் கடகடவென்று ஓடுவது மட்டும் கேட்டது. எண்பத்தேழாம் நம்பர் பஸ், எண்பத்தேழாம் நம்பர் வீடு, எண்பத்தேழாவது மைல் என்று ரேடியோ அடுக்கிக்கொண்டே போனான்.

"முதல்ல அந்த எண்ணைக் காதால கேட்டவரைப் பார்ப்போம். எண்பத்தேழுன்னு சொல்லும்போது அவங்க குரல் எப்படி இருந்துச்சுன்னு அவருக்குத்தானே தெரியும்?" என்றாள் கண்ணாடியக்கா.

டாக்டரைப் போனும் கையுமாகக் கிளினிக்கிலேயே இருக்கச் சொன்னாள். படியிறங்கும்போது அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். துறைத் தலைவர் பேரும் புகழும் பெற்றது, லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்ததற்காக. அதைக் கண்டுபிடித்த கணினிகளில் ஒன்றில் கோளாறு இருந்ததாக அவர் மனைவிக்கு ஒரு சந்தேகம். அடுத்த வாரம் துறைத் தலைவருக்குப் பாராட்டு விழா. அதற்குள் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தூக்கமில்லாமல் கிடந்தாராம்.

கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. மதிய வெயில் நீளமான வராந்தாவில் பாதி தூரம் வந்து நின்றிருந்தது; மீதிப் பாதியில் இருட்டு. தங்கள் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதைப்போல் எதிரொலிக்க, ரேடியோ இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

துறைத் தலைவரின் அறை தரைத்தளத்தில், வராந்தாவின் கோடியில் இருந்தது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல். சுவர் முழுக்கக் கேடயங்களும் கைகுலுக்கும் புகைப்படங்களும். விடுமுறையில் பியூன் இல்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூலையிலிருந்த கெட்டிலில் தானே டீ போட்டார். கண்ணாடியக்கா வேண்டாம் என்றாள். ரேடியோ வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன்.

அழைப்பைப் பற்றி அவர் தடுமாறாமல் சொன்னார். பேராசிரியையின் குரல் அமைதியாக இருந்ததாம். எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொன்னாராம். எதிலும் தயக்கம் தெரியவில்லையாம். அந்தக் கணினிகள் இப்போதும் ஓடுகின்றனவா என்று கண்ணாடியக்கா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். லீவு விட்ட அன்றே எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிட்டோம் என்றார்.

ரேடியோ டீயைக் குடித்தபடி கோப்பையைப் பார்த்தான். பார்வையை எங்காவது வைக்க வேண்டும், அந்த மனிதரின் முகத்தில் வைக்கப் பிடிக்கவில்லை. வெள்ளைக் கோப்பை. 'எங்கள் அன்புப் பேராசிரியைக்கு' என்று அச்சடித்திருந்தது. கீழே எண்கள் கோப்பையைச் சுற்றி ஓடின. மூணு, அஞ்சு, ஏழு, ஆறு. அட, அந்த அம்மாவின் எண். கோப்பையை மெல்லத் திருப்பினான். கைப்பிடியை ஒட்டி எண் முடிந்தது. ஒன்பது, ஒன்று, எட்டு, ஏழு.

வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

தப்பு அந்த அம்மா சொன்னதில்லை. கோப்பையில் அச்சடித்தவன் மூன்றை எட்டாக்கியிருக்கிறான். அதே தப்பு, அதே இடத்தில், இந்த ஆள் அனுப்பிய செய்தியிலும் இருக்கிறது. தொலைபேசியில் யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை. இந்த ஆள் கோப்பையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படியானால் அழைப்பே வரவில்லை. அந்த ஆள் போட்ட டீயைத்தான் இப்போது குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோ வாயிலிருந்த டீயை விழுங்கினான். வேறு வழியில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டும், இவருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டும். யோசிக்கையில்தான் ஒன்று புலப்பட்டது. எண்பத்தேழில் தப்பு இருப்பதை இந்த மனிதர் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

"டீ பிரமாதம் சார்," என்றான். குரல் தன்னுடையதுபோலவே இல்லை. "நூத்துக்கு எண்பத்தேழு மார்க் போடலாம்."

சொல்லிக்கொண்டே கோப்பையை மேசைமேல் வைத்து, கைப்பிடிப் பக்கம் அக்காவுக்குத் தெரியும்படி திருப்பினான்.

துறைத் தலைவர் புன்னகைத்தார். "மீதிப் பதிமூணு?"

"சர்க்கரை கம்மி சார்."

கண்ணாடியக்கா கோப்பையைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். டாக்டருக்கு ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். ரேடியோவைப் புலிக்கூண்டில் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அவள் போன பிறகு ரேடியோ கோப்பையில் மிச்சமிருந்த டீயை வெறித்துப் பார்த்தான். அதன் மேல்பரப்பில் மெல்லிய வளையங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தன் கைதான் மேசையை ஆட்டுகிறது என்று நினைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டான். வளையங்கள் நிற்கவில்லை.

"டாக்டருக்கு நான் அனுப்பினது மேல நம்பிக்கை இல்லையோ?" என்று துறைத் தலைவர் மெதுவாகக் கேட்டார்.

ரேடியோ தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவனுக்கே தெரியவில்லை. துறைத் தலைவர் எழுந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் கையை விட்டார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதுவரை காதில் விழாமலே இருந்த ஒரு இரைச்சல் சட்டென்று நின்றது. நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் இருந்ததே தெரிந்தது. கோப்பையில் டீ கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது.

காலடியில், தரைக்கு அடியில், ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. லீவு விட்ட அன்றே நிறுத்தியாயிற்று என்றாரே.

கண்ணாடியக்கா உள்ளே வந்தாள். ரேடியோவுக்கு எந்த நகைச்சுவையும் தோன்றவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னான்.

"கீழ என்னமோ ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா. இவரு இப்பத்தான் நிறுத்தினாரு."

துறைத் தலைவரின் நெற்றியில் வேர்வை பொடித்தது. அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று ரேடியோ அப்போதுதான் கண்டான். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. பயந்த மனிதன் எதையும் செய்வான்.

"கணினி அறையைத்தான் சொல்றீங்க போல," என்றார் அவர். மேசையிலிருந்து சாவியை எடுத்தார். "ஃபேன் ஏதோ தவறுதலா ஓடியிருக்கும். பார்க்கணும்னா வாங்க."

நிலவறைக்குப் போகும் படி குறுகலாக, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே இறங்கும்படி இருந்தது. அவர் முன்னே போனார். கண்ணாடியக்கா ரேடியோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். அந்தக் கோப்பை மாணவர்கள் கொடுத்த பரிசு என்று டாக்டர் போனில் சொன்னாராம். தப்பாக அச்சாகியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவராமல் துறையிலேயே விட்டுவிட்டதாக அவர் மனைவி முன்பே சொல்லியிருந்தாராம். டாக்டர் போலீசோடு வந்துகொண்டிருக்கிறார்.

"அவங்க வர்ற வரைக்கும் மேலயே இருக்கலாமேக்கா," என்று கெஞ்சினான் ரேடியோ.

"காத்தை நிறுத்திட்டான்டா. உள்ள இருக்கிறவங்க எவ்வளவு நேரம் தாங்குவாங்க? நான் உள்ள போறேன். நீ மட்டும் வாசலைத் தாண்டாத, என்ன ஆனாலும் சரி."

கீழே கனமான இரும்புக் கதவு, அதன் அடியில் தாழிட்ட ஒரு சிறு திறப்பு. துறைத் தலைவர் பூட்டைத் திறந்து, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். உள்ளே கும்மிருட்டு. குளிர்ந்த, அடைபட்டுக் கிடந்த காற்று முகத்தில் அடித்தது. விளக்கு வலது பக்கம் இருக்கிறது, போங்கள் என்றார். கண்ணாடியக்கா தயங்காமல் உள்ளே போனாள். இருட்டு அவளை விழுங்கியது.

"நீங்களும் போங்க தம்பி."

ரேடியோவுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. அவனைத் தம்பி என்று கூப்பிட்ட அந்தக் குரலின் மிருது அவன் முதுகுத்தண்டில் பனிக்கட்டிபோல இறங்கியது. ஓடிவிடலாம், படி பின்னால்தான் இருந்தது. ஓடினால் இந்தக் கதவு அக்காவின் மேல் மூடிக்கொள்ளும். அவன் அசையாமல் நின்றான். துறைத் தலைவர் சட்டென்று தோளால் அவனை உள்ளே இடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினார். ரேடியோ நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இடுக்கில் கொடுத்தான்.

எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. வலியில் கண் இருண்டது. காலை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினார். இந்தப் பக்கம் கண்ணாடியக்கா ஓடிவந்து கதவைத் தோளால் முட்டித் தள்ளினாள். மூன்று பேரின் மூச்சு மட்டும் இரைத்தது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தொண்டை கட்டிப்போய், யார் அங்கே என்று கேட்டது.

அழுத்தம் நின்றது. கதவு திறந்துகொண்டது. துறைத் தலைவர் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கண்ணாடியக்கா கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். கணினி அடுக்குகளுக்கு நடுவே, மெஷின்களை மூடும் பிளாஸ்டிக் உறைகளைப் போர்த்திக்கொண்டு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சுற்றிலும் பிஸ்கெட் உறைகள், காலித் தண்ணீர்ப் புட்டிகள். அவருடைய கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. கணினிகளின் வெளி இணைப்பைத் துறைத் தலைவர் அன்றைக்கே பிடுங்கிவிட்டிருந்தார். பேராசிரியையைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுவருவதற்குள் கண்ணாடியக்காவுக்கே மூச்சு வாங்கியது.

துறைத் தலைவர் தலை நிமிராமல் பேசினார். கொல்ல நினைக்கவில்லை என்றார். அன்று கதவைச் சாத்தியது ஒரு நிமிஷக் கோபம். பிறகு திறக்க பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பயம் கூடிக்கொண்டே போனது. விழா மட்டும் முடிந்துவிட்டால் திறந்துவிடலாம் என்று இருந்தார். என் எண் பொய் என்று இந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் என் வாழ்க்கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார்.

பேராசிரியை அவர் பக்கம் திரும்பினார்.

"பொய்யுன்னு நான் சொல்லவே இல்லையே சார். சந்தேகம்னுதான் சொன்னேன். சோதிச்சுப் பார்க்கத்தான் வந்தேன்."

துறைத் தலைவர் நிமிர்ந்தார்.

"நீங்க பூட்டினப்புறமும் மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சோதனை முடிஞ்சு விடையும் வந்துடுச்சு. உங்க எண் பகா எண்தான். நீங்க கண்டுபிடிச்சது சரிதான்."

துறைத் தலைவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"அந்தச் சின்னத் திறப்பு வழியா நீங்க தண்ணி வைக்க வந்தப்பல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். சரியா இருக்கு சார், திறந்து திரையைப் பாருங்கன்னு. நீங்க பதிலே பேசல."

"வெளிய வர்றதுக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சேன்," என்றார் அவர்.

ரேடியோ சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். செருப்பு ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பேராசிரியை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், நிற்கத் தெம்பில்லை. காலைப் பார்த்துவிட்டு, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னான்.

மேலே வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதையெல்லாம் முந்திக்கொண்டு, படியில் ஒரு ஜோடிக் கால்கள் தடதடவென்று இறங்கிவந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பேராசிரியையின் உடம்பு விறைத்தது. ரேடியோவின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினார். இத்தனை நாளும் அந்தப் படியில் இறங்கிவந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"பயப்படாதீங்க, இது உங்க வீட்டுக்காரர்தான்," என்றான் ரேடியோ.

டாக்டர் கடைசிப் படியில் வந்து நின்றார். மனைவியைக் கண்டார். பக்கத்தில் வரவில்லை. மனைவியின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து அங்கேயே முழங்காலிட்டுக் கையை மட்டும் நீட்டினார். பற்றிய சட்டையை விட்டு அந்த விரல்கள் பிரிய நெடுநேரம் ஆயிற்று.